டம்மி டக் தழும்பு: 5 வாரம் ஆகியும் நடுவுல ஆறல, வேலூர் வெயில்ல எப்படிப் பார்த்துக்கறது?

சத்துவாச்சாரி தங்கை:

அக்காவுக்கு 38 வயசு. ரெண்டு சிசேரியன். சென்னையில வயித்துத் தோல் குறைப்பு (டம்மி டக்) ஆபரேஷன் பண்ணி நேத்தோட 5 வாரம் முடிஞ்சுது. விலகியிருந்த தசையையும் சேர்த்துத் தைச்சிருக்காங்க. அடிவயித்துல இடுப்போட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தையல், டேப் வச்சு அளந்தா 46 செ.மீ. தொப்புளைச் சுத்தித் தனியா ஒரு வட்டத் தையல். நீர் வடிய வச்ச டியூப் 9-ஆம் நாள் எடுத்தாச்சு. சர்க்கரை இல்ல. எடை 68 கிலோ.

இப்போ கோடு முக்கால்வாசி மூடிடுச்சு. நடுவுல மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரமா, மேல மஞ்சளா ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு. நாத்தம் இல்ல, காய்ச்சல் இல்ல. வலது கோடியில தோல் மடிஞ்சு சின்ன மூக்கு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. தொப்புளுக்குக் கீழே தொட்டா உணர்ச்சியே இல்ல.

மாமியார் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைச்சுப் போடச் சொல்றாங்க, பருப்பும் முட்டையும் கூடாதுங்கறாங்க. மெடிக்கல்ல சிலிக்கான் ஜெல் கொடுத்தாங்க. ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினோம், "ஆறிடும், டிரெஸ்ஸிங் பண்ணுங்க"ன்னு ஒரு வரி பதில். எதை எப்படிப் பண்றதுன்னு தெரியல. சித்திரை வெயில் வேற, வயித்து பெல்ட் போட்டா வியர்வை ஊத்துது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிரெஸ்ஸிங் ரூம்:

முதல்ல அந்த நடு இடம். அது ஏன் அங்கேயே வருதுன்னா, மேல் தோலைக் கீழே இழுத்துத் தைக்கும்போது இழுவை அதிகமா விழறது நடுவுலதான். ரத்தம் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து சேர வேண்டிய கடைசி இடமும் அதுதான். அதனால திறக்கறதா இருந்தா பெரும்பாலும் நடுவுலதான் திறக்கும். அக்கா ஏதோ தப்புப் பண்ணிட்டாங்கன்னு நினைக்க வேண்டாம்.

மஞ்சளா ஒட்டியிருக்கறது எல்லாம் சீழ் இல்ல. சீழ்னா வழியும், நாத்தம் வரும், சுத்தித் தோல் சிவந்து சூடாகும். ஒட்டிக்கிட்டு வழியாம இருந்தா அது செத்த திசு, நாளாக நாளாகத் தானா கழண்டு வரும். நகத்தாலயோ பஞ்சாலயோ தேய்ச்சு எடுக்காதீங்க, கீழ சிவப்பா வளர்ந்து வர்ற புதுச் சதையும் கூடவே பிஞ்சு வந்துடும். கறுப்பா தோல் மாதிரி காய்ஞ்சு இருந்தா அது வேற கதை, டாக்டர்தான் எடுக்கணும்.

கழுவறதுக்கு மெடிக்கல்ல நார்மல் சலைன் 100 மி.லி. பாட்டில் வாங்குங்க. திறந்தா 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. அவசரத்துக்கு வீட்டுலயே வேணும்னா அரை லிட்டர் தண்ணியக் கொதிக்க வச்சு ஆறவிட்டு, மட்டமா ஒரு டீஸ்பூன் உப்பு. அன்னிக்கே முடிச்சுடணும். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, சலைனை மேல இருந்து ஊத்தி ஓடவிடுங்க. சுத்தியிருக்கற தோலை மட்டும் ஒத்தித் துடைங்க. புண் மேல பாராஃபின் காஸ் (ஒட்டாம இருக்க பாராஃபின் தடவின வலைத்துணி) ஒரு மடிப்பு, அதுக்கு மேல சாதா காஸ் பேட், ஓரத்துல மைக்ரோபோர் பேப்பர் டேப். ஒரு நாளைக்கு ஒரு தடவை மாத்தினா போதும். நனைஞ்சு மேல வந்துட்டா இன்னொரு தடவை. காய்ஞ்ச காஸை நேரா புண் மேல வைக்காதீங்க. ஒட்டிக்கும், பிய்க்கும்போது ரெண்டு நாள் வளர்ந்தது போயிடும்.

பீட்டாடினைத் தினமும் ஊத்தறதும் ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைக்க விடறதும் இந்தக் கட்டத்துல வேண்டாம். கிருமியோட சேர்த்துப் புது செல்லையும் அது தாக்கும். நியோஸ்போரின் பவுடர் நம்ம ஊர்ல எல்லார் வீட்டுலயும் இருக்கும். அதுல இருக்கற நியோமைசின் நிறைய பேருக்கு அலர்ஜி கொடுக்கற மருந்து, போட்ட இடம் சிவந்து ஊறல் எடுத்தா தொற்றுன்னு நினைச்சு இன்னும் அதிகமாப் போடுவாங்க. மஞ்சளும் எண்ணெயும் அதே மாதிரிதான். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கினது இல்ல, திறந்த புண்ணுல துகள் தங்கிடும். அதோட கறை படிஞ்சா உள்ளே சிவப்பா இருக்கா மஞ்சளா இருக்கான்னு பார்க்கவே முடியாது. மாமியார் அக்கறையிலதான் சொல்றாங்க. புண் மூடற வரைக்கும் வேண்டாம்னு டாக்டர் சொன்னதாச் சொல்லிடுங்க.

வாரத்துக்கு ஒரு தடவை அதே வெளிச்சத்துல, பக்கத்துல ஒரு ரூபாய் காசோ ஸ்கேலோ வச்சு போட்டோ எடுங்க. சிறுசாகிக்கிட்டே வரணும். ரெண்டு வாரமா அதே அளவுல நின்னுட்டாலோ, புண்ணுக்குள்ள சதை தோல் மட்டத்தைவிட மேல எழும்பி தொட்டாலே ரத்தம் வந்தாலோ நேர்ல காட்டணும். சிவப்பு விரிஞ்சுக்கிட்டே போனா, காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினா, அடிவயித்தைத் தட்டும்போது தண்ணிப் பை மாதிரி ததும்பினா சென்னை டாக்டருக்காகக் காத்திருக்காதீங்க. சிஎம்சி ஆஸ்பத்திரியோ அடுக்கம்பாறை கவர்மென்ட் ஆஸ்பத்திரியோ எது பக்கமோ அங்கே போங்க. தண்ணி கோத்திருந்தா ஊசியில எடுக்கணும், விட்டா தையலைத் தள்ளித் திறக்கும். ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ அது ரத்தக்கட்டியா இருக்கலாம், அந்த நிமிஷமே கிளம்பணும்.

பருப்பு, முட்டை பத்தி: தையல் போட்டவங்களுக்கு அது சீழ் வைக்கும்னு நம்ம பக்கம் ரொம்ப நாளாச் சொல்றாங்க. அதுல உண்மை இல்ல. புண்ணை மூடற கொல்லாஜனே புரதத்துல இருந்துதான் வருது. 68 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 80-ல இருந்து 100 கிராம் புரதம் தேவை. 3 முட்டையில 18, ரெண்டு டம்ளர் பால்ல 13, 150 கிராம் கோழியில 40-க்குக் கொஞ்சம் கம்மி, ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல்ல 13, ஒரு கப் பருப்புல 8. இவ்வளவும் சேர்ந்தாதான் 90. ரசம் சாதமும் இட்லியும் மட்டும் கொடுத்தா பாதி கூட வராது. கூட ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ. வெத்தலையோட புகையிலை போடற பழக்கம் இருந்தா இப்போ அறவே கூடாது. புகைச்சாலும் மென்னாலும் நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிடும், நடு இடத்துக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி.

காட்பாடி பிசியோ:

டிரெஸ்ஸிங் பத்தி முழுசாச் சொல்லிட்டாங்க. மூடின இடத்துக்கு நான் சொல்றேன். அங்கே வேலையை இப்பவே ஆரம்பிக்கலாம், நடு இடம் ஆறட்டும்னு மொத்தக் கோட்டையும் காக்க வைக்க வேண்டாம்.

தழும்பு அகலமாகறதுக்கும் தடிக்கறதுக்கும் பெரிய காரணம் இழுவை. 3 வாரத்துல அந்தக் கோட்டுக்கு இருக்கற பலம் நல்ல தோலோட பலத்துல 20, 30 சதவீதம்தான். 3 மாசத்துலதான் 80-க்குப் பக்கம் வரும், அதுக்கு மேல எப்பவும் ஏறாது. மேல தோல் ஆறினாப்போல இருக்கறதைப் பார்த்து 5-ஆம் வாரமே தண்ணிக் குடம் தூக்க ஆரம்பிக்கறாங்க. ஒரு பிளாஸ்டிக் குடம் 15 கிலோ. 6 வாரம் வரைக்கும் 4, 5 கிலோவைத் தாண்டக் கூடாது. அதுக்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். கிரைண்டர் கல்லைத் தூக்கறது, சிலிண்டரை உருட்டறது, படுத்த நிலையில இருந்து நேரா எழும்பறது எல்லாம் ஒரே கணக்கு. ஒருக்களிச்சு, கையை ஊன்றித்தான் எழணும். இருமல் வந்தா தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமணும். மலச்சிக்கல் ஆகவிடாதீங்க.

இழுவையைக் குறைக்க சுலபமான பொருள் மைக்ரோபோர் பேப்பர் டேப், 1 இஞ்ச் அகலம். கோட்டு மேலயே, கோட்டோட போற மாதிரி ஒட்டணும். 46 செ.மீ.-க்கு ஒரே நீளமா இழுத்து ஒட்டாதீங்க. 8, 10 செ.மீ. துண்டா வெட்டி ஓரம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறற மாதிரி, இழுக்காம வச்சு அழுத்தினா போதும். இழுத்து ஒட்டின டேப் ரெண்டு முனையிலயும் தோலைப் பிடிச்சு இழுத்துக் கொப்புளம் போடும். டேப் மட்டும் போடறதா இருந்தா மத்த ஊர்ல 5 நாள் விடலாம். இந்த வெயில்ல 2, 3 நாள்ல மாத்திடுங்க. எடுக்கும்போது குளிக்கையில நல்லா நனைச்சு, இல்லன்னா மூடின தோல் மேல மட்டும் டேப் ஓரத்துல தேங்காய் எண்ணெய் தடவி 10 நிமிஷம் விட்டு, தோலோட ஒட்டினாப்போல மடிச்சு உருட்டுங்க. மேல தூக்கிப் பிய்க்காதீங்க. எண்ணெய் போக சோப்பு போட்டுக் கழுவினாத்தான் அடுத்த டேப் நிக்கும். தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் நல்லாப் பயன்படற இடம் இதுதான்.

சிலிக்கான்ல ஷீட், ஜெல் ரெண்டும் ஒரே வேலை. தோல் மேல ஈரம் ஆவியாகாம மூடி வைக்கறதுதான் அதோட குணம். தழும்பு வறண்டா உடம்பு கொல்லாஜனை அதிகமாப் போடும், ஈரம் நின்னா அடங்கும். ஷீட்டு ஒரு நாளைக்கு குறைஞ்சது 12 மணி நேரம், 3 மாசமாவது போடணும். 12-க்கு 15 செ.மீ. ஷீட்டு வாங்கினா 3 செ.மீ. அகலத்துல 4 பட்டையா வெட்டுங்க, மொத்தம் 60 செ.மீ. வரும், உங்க கோட்டுக்கு தாராளம். முதல் நாள் 4 மணி நேரம், தினமும் 2 மணி நேரம் கூட்டுங்க. வேலூர்ல மே மாசம் பகல் 12-ல இருந்து 4 வரைக்கும் ஷீட்டைக் கழட்டி வச்சுட்டு, சாயங்காலம் குளிச்சப்புறம் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. தினமும் கழட்டி மிதமான சோப்புல கழுவி, துணியால துடைக்காம காத்துல காய வைங்க. துணியோட பஞ்சு ஒட்டினா பிடிப்பு போயிடும். அடியில வேர்க்குரு வந்தா ரெண்டு நாள் நிறுத்திட்டுத் திரும்பக் கம்மி நேரத்துல ஆரம்பிக்கணும்.

ஜெல்லா இருந்தா காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரொம்ப மெல்லிசா. 5 நிமிஷத்துல காயலன்னா அதிகமாப் போட்டுட்டீங்கன்னு அர்த்தம், துடைச்சு எடுத்துடுங்க. தடியாப் போட்டதால தழும்பு சீக்கிரம் ஆறிடாது, பெல்ட்டுலதான் ஒட்டும். என் கருத்து: பகல்ல டேப், ராத்திரி ஷீட்டு. ஜெல்லைத் தொப்புள் வட்டத்துக்கு வைங்க, அங்கே ஷீட்டு உட்காராது. ஈரமா இருக்கற அந்த நடு இடத்துல மூணுல எதுவும் போகக் கூடாது.

மசாஜ் 6 வாரம் முடிஞ்சப்புறம், மூடின இடத்துல மட்டும். கட்டைவிரலை வச்சு நகம் வெளுக்கற அளவுக்கு அழுத்தி, அந்த இடத்துலயே சின்ன வட்டம். ஒரு தடவைக்கு 5 நிமிஷம், நாளைக்கு 3 தடவை. முதல் ரெண்டு மாசம் கோட்டை மேல கீழ பிரிக்கற மாதிரி இழுக்காதீங்க. மேல் தோலைக் கோட்டை நோக்கித் தள்ளற மாதிரி இருக்கணும். தோல் கீழே ஒட்டிக்கிட்டு பள்ளமா இருக்கற இடத்துல 3 மாசத்துக்கு அப்புறம் ரெண்டு விரலால கிள்ளித் தூக்கி உருட்டலாம்.

உணர்ச்சி இல்லன்னு எழுதியிருக்கீங்க, இதைத் தயவுசெஞ்சு கவனிங்க. வெந்நீர்ப் பையோ உப்பு ஒத்தடமோ அங்கே வைக்கவே கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்தப்புறம்தான் கொப்புளத்தைப் பார்ப்பீங்க. ஐஸும் அப்படியே. உணர்ச்சி திரும்ப மாசக்கணக்குல ஆகும், ஒரு வருஷம் கூட ஆகலாம். சில இடத்துல முழுசா வராது.

தோட்டப்பாளையம் டெய்லர்:

துணி விஷயம் யாரும் சொல்லல. தழும்பைக் கெடுக்கறதுல பாவாடை நாடாவுக்குப் பெரிய பங்கு. நாடா வழக்கமா தொப்புள் மட்டத்துல விழும், அங்கேதான் வட்டத் தையல் இருக்கு. அதுக்கு மேல கொசுவத்தைச் சுருட்டிச் சொருகி பின்னும் குத்தினா அந்தக் கட்டி முழுசும் அதே இடத்துல அழுத்தும். 3 மாசம் நாடா வேண்டாம். வீட்டுல நைட்டி போதும். வெளியில போகணும்னா பாவாடை நாடாவை உருவிட்டு, இடுப்புல 3 இஞ்ச் அகலத்துக்கு காட்டன் பட்டை வச்சு, பக்கவாட்டுல ரெண்டு கொக்கி தைக்கச் சொல்லுங்க. பாரம் பரவலா உட்காரும். சாட்டின் பாவாடை வழுக்குதுன்னு இறுக்கித்தான் கட்டுவாங்க, பாப்ளின் எடுங்க. சுடிதார் பேண்ட்டுக்கும் இதே கதைதான்.

உள்ளாடை இடுப்புக்கு மேல ஏறற முழு அளவு, ஒரு சைஸ் பெருசா. எலாஸ்டிக் கோட்டு மேல விழவே கூடாது. அடியில கறுப்பா தடிச்சுப் போறதுக்கு அந்த உரசலே போதும்.

பெல்ட்டுக்குள்ள மெல்லிசான காட்டன் பனியனைத் தையல் வெளிப்பக்கம் வர்ற மாதிரி திருப்பிப் போட்டு, சுருக்கம் இல்லாம கீழே இழுத்துவிடணும். ஒரு மடிப்பு இருந்தாலும் 8 மணி நேரத்துல தோல்ல பள்ளம் விழும், உணர்ச்சி இல்லாத வயிறு அதைச் சொல்லாது. ரெண்டு பெல்ட் வாங்கிக்கோங்க, ஒண்ணு துவைச்சுக் காயட்டும். வியர்வையோட அதையே போட்டா அடிவயித்து மடிப்புல படை வந்துடும். பிரசவத்துக்கு அப்புறம் பழைய வேட்டியால வயித்தை இறுக்கிக் கட்டுவாங்க பாருங்க, அந்த இறுக்கம் இதுக்கு ஆகாது. ரெண்டு விரல் உள்ளே போகணும்.

டிரெஸ்ஸிங் ரூம்:

டெய்லர் சொன்ன ரெண்டு விரல் கணக்கு சரிதான். அதிகமா இறுக்கினா நடு இடத்துக்கு வர்ற ரத்தமே குறையும்.

தொப்புள் ஒண்ணு விட்டுப்போச்சு. உஷ்ணத்துக்குத் தொப்புள்ல விளக்கெண்ணெய் வைக்கற வழக்கம் இங்கே இருக்கு. புதுத் தொப்புள்ல அதை வைக்காதீங்க. எண்ணெயும் அழுக்கும் தங்கி உள்ளே ஊறி நாத்தம் எடுக்கும். குளிச்சப்புறம் காது குடையற காட்டன் பட்ஸால ஒத்தி எடுத்து காய்ஞ்சிருக்கறது மட்டும்தான் அதுக்கு வேணும். வாய் சுருங்கிக்கிட்டே போற மாதிரி தெரிஞ்சா சீக்கிரம் டாக்டர்கிட்ட சொல்லுங்க, விரிஞ்சு நிக்க உள்ளே வைக்கச் சின்ன அடைப்பு கொடுப்பாங்க.

போர் தண்ணி உப்பா இருந்தா சோப்பு சரியாப் போகாது, படலம் தங்கி ஊறல் எடுக்கும். கடைசியா ஒரு சொம்பு குடிதண்ணி ஊத்தி முடிங்க. டால்கம் பவுடர் வேண்டாம், வியர்வையில களியாகி மடிப்புல ஒட்டும்.

சத்துவாச்சாரி தங்கை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சலைனும் பாராஃபின் காஸும் லாங் பஜார்ல வாங்கிட்டோம். இன்னும் ரெண்டு சந்தேகம். கோடு போன வாரத்தைவிட இப்போ சிவப்பா, கொஞ்சம் மேடா தெரியுது. அக்காவுக்குக் காது குத்தின இடத்துல முன்னாடி ஒரு உருண்டை வளர்ந்து எடுத்திருக்காங்க, அதே மாதிரி வந்துடுமோன்னு பயமா இருக்கு. அப்புறம் இடது பக்கம் கோட்டுல ஒரு பரு வந்து, உடைஞ்சு, வெள்ளையா நூல் மாதிரி எட்டிப் பார்க்குது. ஆனி கடைசியில எங்க வீட்டுக் கல்யாணம் வேற இருக்கு. அப்போ அக்கா பட்டுப்புடவை கட்டலாமா?

தோல் ஓபி:

நூல் முதல்ல. அது உள்ளே போட்ட கரையற தையல். அதுல சில வகை கரைய 2 மாசம், சில வகை 6 மாசத்துக்கு மேல எடுக்கும், அதுக்குள்ள ஒரு முடிச்சு தோலுக்குப் பக்கத்துல இருந்தா உடம்பு வெளியே தள்ளும். ஒண்ணு வந்தா இன்னும் ரெண்டு, மூணு வரலாம். இழுக்காதீங்க. கிளினிக்ல முனையை வெட்டி விடுவாங்க, நாலஞ்சு நாள்ல மூடிடும். அது மூடற வரைக்கும் அந்த ஒரு இடத்துல ஷீட்டு வேண்டாம்.

சிவப்பு பத்தி. தழும்பு 3-ஆம் வாரம் மெல்லிசாக் கோடு மாதிரி இருந்துட்டு 6-ல இருந்து 12 வாரத்துல சிவந்து, தடிச்சு, நமைச்சல் எடுத்து, மோசமாத்தான் தெரியும். கொல்லாஜன் குவியற காலம் அது. அதுக்கப்புறம் 12-ல இருந்து 18 மாசம் வரைக்கும் மெதுவா இறங்கும். நம்ம நிறத்துல சிவப்பு போய் ஒரு கறுப்புக் காலம் வரும், அதுவும் வெளுக்கும். 3-ஆம் மாசம் கண்ணாடியைப் பார்த்துட்டுப் பயந்துபோய் மெடிக்கல்ல பெட்னோவேட்டோ வெள்ளையாக்கற கிரீமோ வாங்கித் தேய்க்கறதுதான் அடிக்கடி நடக்கற தப்பு. ஸ்டீராய்டு கிரீம் சுத்தியிருக்கற நல்ல தோலை மெல்லிசாக்கி வரி போட்டுடும். விட்டமின் ஈ கேப்சூலை உடைச்சுத் தடவறதும் வேண்டாம். 1999-ல வந்த ஒரு ஆய்வுல தழும்புக்கு அதால பயன் தெரியல, தடவினவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு அலர்ஜி வந்துச்சு.

காதுல வளர்ந்ததைச் சொன்னது ரொம்ப நல்லது, அதை டாக்டர்கிட்டயும் சொல்லியாகணும். தடிச்ச தழும்பும் கீலாய்டும் வேற வேற. தடிச்சது முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துல வரும், வெட்டின கோட்டைத் தாண்டாது, பெரும்பாலும் தானா இறங்கும். கீலாய்டு கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள்ள நண்டுக்கால் மாதிரி பரவும், மாசங்கள் கழிச்சும் வரும், தானா இறங்காது. காது, மார்பு, தோள்தான் அது அதிகம் வர்ற இடம். அடிவயித்துல அதைவிடக் கம்மி, ஆனா காதுல வந்தவங்களுக்கு வாய்ப்பு கூட. அதனால அக்கா மாசம் ஒரு தடவை கோட்டோட ரெண்டு ஓரத்தையும் விரலால தடவிப் பார்க்கணும். ஓரம் தாண்டி கெட்டியா ஏதாவது தட்டுப்பட்டா, இல்ல ராத்திரி தூக்கம் கெடற அளவு அரிச்சா, ஒரு வருஷம் பார்க்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே தோல் டாக்டர்கிட்ட போங்க. டிரையாம்சினலோன்ங்கற ஸ்டீராய்டு ஊசியை தழும்புக்குள்ளயே, 4-ல இருந்து 6 வாரத்துக்கு ஒரு தடவை போடுவாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா அமுங்கும். அதிகமாப் போனா அந்த இடம் பள்ளமாகி வெளுத்துடும், மாநிறத்துல அது நல்லாத் தெரியும், அதனால அளவு தெரிஞ்ச கையாலதான் போட்டுக்கணும். வெறுமனே வெட்டி எடுத்தா கீலாய்டு பாதிக்கு மேல திரும்ப வரும், அதுவும் முன்னைவிடப் பெருசா.

வலது கோடி மடிப்பு நீளமான தையல் முடியற இடத்துல தோல் மிஞ்சறதால வர்றது. வீக்கம் வடிய வடிய 3-ல இருந்து 6 மாசத்துல பாதியாவது அமுங்கும். 6 மாசத்துக்கு அப்புறமும் நின்னா அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகப் பண்ணி சின்னதா எடுத்துடலாம். மொத்தக் கோட்டையும் திருத்தணும்னா ஒரு வருஷம் முடியட்டும்.

சன்ஸ்கிரீனுக்கு இப்போ செலவு பண்ண வேண்டாம். கோடு எப்பவும் துணிக்குள்ளதான் இருக்கு. புடவை கட்டி இடுப்பு தெரியற நாள்ல தொப்புள் வட்டத்துக்கு மட்டும் எஸ்பிஎஃப் 30 போட்டா போதும்.

தோட்டப்பாளையம் டெய்லர்:

ஆனி கடைசின்னா கிட்டத்தட்ட 4 மாசம் ஆகியிருக்கும், நடு இடம் அதுக்குள்ள மூடிட்டா கட்டலாம். புடவையோட எடை பாவாடையிலதான் தொங்கும், அதனால அந்த 3 இஞ்ச் பட்டை வச்ச பாவாடையிலயே கட்டுங்க. கொசுவத்தை முன்னாடியே மடிச்சுத் தைச்சு, மேல் விளிம்பை விரிச்சுத் தட்டையாக்கி, கொக்கி வச்சுத் தரச் சொல்லுங்க, ரெடிமேட் புடவை மாதிரி. சொருகறதும் இருக்காது, பின்னும் இருக்காது. தட்டை விளிம்பை தொப்புளுக்கு ரெண்டு விரல் மேல ஏத்திக் கட்டணும். சரிகை பார்டர் பக்கம் அடியில விழட்டும், உள்பக்கம் வயித்துல உரசாம ஒரு மல்மல் துண்டு வச்சுத் தைச்சுடலாம். முகூர்த்தம் முடிஞ்சதும் மாத்திக்க ஒரு காட்டன் புடவை கையில இருக்கட்டும், மண்டபத்துல ஏசி இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. அளவு இப்போ எடுக்காதீங்க. வீக்கம் வடிஞ்சு ஆனி முதல் வாரத்துல எடுத்தாத்தான் பட்டை சரியா உட்காரும்.